எந்தத் தடுப்பூசி, எந்த வயதில்: தேர்வு முக்கியமான இடங்களும் முக்கியமில்லாத இடங்களும்

தடுப்பூசி போட வருபவர்கள் அதிகம் கேட்பது "இதில் எது நல்லது?" என்றுதான். வலியுள்ள ஊசியா வலியில்லாத ஊசியா, சொட்டு மருந்தா ஊசியா, இரண்டு தவணையா மூன்று தவணையா என்று யோசிப்பதிலேயே சில வாரங்கள் ஓடிவிடும். பல ஊசிகளில் அந்த வாரங்களை இழப்பதுதான் உண்மையான நஷ்டம். இரண்டில் எதைப் போட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. வேறு சில ஊசிகளில் தேர்வு நிஜமாகவே பலனை மாற்றிவிடும். எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்போம். அட்டவணை நாட்டுக்கு நாடு சற்று மாறும். உங்கள் நாட்டு அட்டவணைதான் உங்களுக்கு அடிப்படை. அதற்குள் தேர்வு செய்ய இடம் இருக்கும்போது எதை வைத்து முடிவெடுப்பது என்பதே இங்கே பேச்சு.

பிறந்த முதல் நாள்

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான முதல் ஊசியைப் பற்றி யோசிக்க ஒன்றுமே இல்லை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து இந்தக் கிருமி தொற்றினால், 10 குழந்தைகளில் சுமார் 9 பேருக்கு அது வாழ்நாள் தொற்றாக நிலைத்துவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் 100 பேரில் 5 பேருக்கும் குறைவாகத்தான் அப்படி ஆகும். "ஆறாவது வாரம் கூட்டு ஊசியில் எப்படியும் இது வருகிறதே, அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாதம் இங்கே நிற்காது. உள்ளே போயிருக்கக்கூடிய கிருமியை முந்திக்கொள்வதற்காகத்தான் இந்த முதல் ஊசி. தாய்க்குத் தொற்று இருப்பது தெரிந்திருந்தால், 12 மணி நேரத்துக்குள் ஊசியை ஒரு தொடையிலும் இம்யூனோகுளோபுலினை (தயார் நிலையில் உள்ள எதிர்ப்பொருள்) மறு தொடையிலும் போடுவார்கள்.

காசநோய் பரவலாக உள்ள நாடுகளில் பிறந்தவுடன் பிசிஜி உண்டு. அரிதாக உள்ள நாடுகளில் ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு மட்டும். அளவு வெறும் 0.05 மி.லி., தோலுக்கு உள்ளேயே போட வேண்டும். சரியாகப் போட்டிருந்தால் ஊசி போன இடத்தில் தோல் சின்னக் கொப்புளமாக எழும்பி, அரை மணி நேரத்துக்குள் அமுங்கிவிடும். இரண்டு மூன்று வாரங்களில் அதே இடத்தில் ஒரு பரு தோன்றும். அது பெரிதாகி உடைந்து, கொஞ்சம் சீழ் வடிந்து, மூன்று மாதத்துக்குள் தழும்பாக ஆறும். இதைப் பார்த்துப் பயந்து களிம்பு தடவுவதும், பிதுக்குவதும், இறுக்கிக் கட்டுப் போடுவதும் தேவையற்றவை. தழும்பு விழாமலே போனாலும் ஊசியை மறுபடி போடத் தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நிலைப்பாடு.

வலியுள்ள ஊசி, வலியில்லாத ஊசி

பெற்றோரை அதிகம் குழப்புவது இதுதான். தொண்டை அடைப்பான் (டிப்தீரியா), கக்குவான் இருமல், டெட்டனஸ் ஆகிய மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசியில், வித்தியாசம் கக்குவான் பகுதியில் மட்டும்தான். வலியுள்ள ஊசியில் கக்குவான் பாக்டீரியாவை முழுசாகக் கொன்று சேர்க்கிறார்கள். வலியில்லாததில் அந்தப் பாக்டீரியாவிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்த ஒரு சில புரதங்கள் மட்டுமே இருக்கும். மற்ற இரண்டு பகுதிகளும் இரண்டு ஊசிகளிலும் ஒரே மாதிரிதான்.

முழுக் கிருமி ஊசிக்குப் பிறகு ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குக் காய்ச்சலோ தொடை வீக்கமோ வரும். ஒன்றிரண்டு நாளில் அடங்கும். மூன்று மணி நேரத்துக்கும் மேல் விடாமல் அழுவது, காய்ச்சலோடு வலிப்பு வருவது போன்றவை அபூர்வம். புரத ஊசியில் இவை எல்லாமே வெகுவாகக் குறைவு. இந்த அளவில் பார்த்தால் வலியில்லாததுதான் மேல் என்று தோன்றும்.

ஆனால் பாதுகாப்பு எத்தனை காலம் தாங்குகிறது என்று பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. புரத ஊசியின் பலன் கடைசித் தவணைக்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு வேகமாகக் கரைகிறது. அமெரிக்கா 1990-களில் முழுக் கிருமி ஊசியை விட்டுப் புரத ஊசிக்கு மாறியது. 2010-ல் கலிபோர்னியாவில் கக்குவான் பெரிதாகப் பரவியபோது, அட்டவணைப்படி எல்லாத் தவணையும் போட்டிருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது வந்தது. குழந்தைப் பருவத்தில் முழுக் கிருமி ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட, எல்லாமே புரத ஊசியாகப் போட்டுக்கொண்டவர்களுக்கு நோய் அதிகம் வந்ததை அதையொட்டிய ஆய்வுகள் காட்டின. முழுக் கிருமி ஊசி போடும் நாடுகள் முதல் தவணைகளை அதிலேயே தொடர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

ஆகவே, குழந்தை ஆரோக்கியமாக இருந்து இரண்டும் கிடைக்கும் நிலையில், முதல் மூன்று தவணைகளுக்கு வலியுள்ள ஊசியே நல்ல தேர்வு. ஒரு நாள் காய்ச்சலைப் பொறுத்துக்கொண்டால் பல ஆண்டுப் பாதுகாப்பு கிடைக்கிறது. முந்தைய தவணையில் நெடுநேரம் அழுகை, மிகை காய்ச்சல், வலிப்பு போன்றவை வந்திருந்தால் அடுத்ததை வலியில்லாததாக மாற்றிக்கொள்ளலாம். ஒன்றைத் தொடங்கிவிட்டு மற்றொன்றில் முடிப்பதில் தவறில்லை. தவணை போட்ட ஏழு நாளுக்குள் வேறு காரணம் சொல்ல முடியாத மூளைப் பாதிப்பு வந்த குழந்தைக்கு மட்டும் கக்குவான் பகுதி இரண்டு வகையிலுமே கூடாது. புரத ஊசியில் வளர்ந்த பிள்ளைக்கு 10 வயதை ஒட்டிய ஊக்கத் தவணையை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்குத்தான் அது கூடுதல் அவசியம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஊசிக்கு முன்பே "எதற்கும் இருக்கட்டும்" என்று கொடுத்தால் சில தடுப்பூசிகளுக்கு எதிர்ப்பொருள் சுரப்பது குறைகிறது என்று தெரிய வந்திருக்கிறது. காய்ச்சலோ வலியோ வந்த பிறகு, உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை கொடுத்தால் போதும். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல், மருந்துடன் வரும் அளவுக் குழாயால் அளந்து கொடுங்கள். ஒரே மருந்து பல வீரியங்களில் கிடைப்பதால், புட்டியில் 5 மி.லி.க்கு எத்தனை மில்லிகிராம் என்று பார்க்காமல் பழைய கணக்கில் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

ஐந்து நோய்க்கான கூட்டு ஊசியா, போலியோவையும் சேர்த்த ஆறு நோய்க்கான ஊசியா என்றால், குத்து ஒன்று குறைகிறது, அவ்வளவுதான். கூட்டு ஊசி கையிருப்பில் இல்லை என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். தனித்தனியாக அன்றே போட்டுவிடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நடுத்தொடையின் முன்-வெளிப் பக்கம்தான் சரியான இடம். ஒரே தொடையில் இரண்டு ஊசி என்றால் 2.5 செ.மீ. இடைவெளி விட்டால் போதும். பிட்டத்தில் மட்டும் போட விடாதீர்கள். அங்கே கொழுப்பு அடர்த்தியாக இருப்பதால் ஊசி தசைக்குப் போய்ச் சேராமல் பலன் குறையலாம். நரம்பில் படும் ஆபத்தும் உண்டு.

சொட்டு மருந்தும் ஊசியும்

போலியோவைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. சொட்டு மருந்து குடலிலேயே எதிர்ப்பை உண்டாக்குவதால் கிருமி ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் பரவுவதை மறிக்கிறது. ஆனால் அதில் இருப்பது பலவீனப்படுத்தப்பட்ட உயிருள்ள கிருமி. லட்சக்கணக்கான தவணைகளுக்கு ஒன்று என்ற அளவில் அதுவே வாதத்தை உண்டாக்கிவிடக்கூடும். ஊசியில் இருப்பது செத்த கிருமி, ஆகவே அந்த ஆபத்து அறவே இல்லை. குழந்தையை வாதத்திலிருந்து நன்றாகக் காக்கும். குடல் வழிப் பரவலைத் தடுப்பதில் மட்டும் சொட்டு மருந்துக்கு ஈடாகாது. 2016 ஏப்ரலில் உலகம் முழுவதும் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகைக் கிருமி நீக்கப்பட்டது. அதற்குப் பிறகு சொட்டு மருந்து மட்டும் போட்டுக்கொண்ட குழந்தைக்கு இரண்டாம் வகைக்கு எதிராக முழுப் பாதுகாப்பு இல்லை. எனவே அட்டவணையில் இரண்டும் இருந்தால் இரண்டும் வேண்டும். ஒன்று போட்டாயிற்றே என்று மற்றொன்றைத் தவிர்க்கக் கூடாது.

ரோட்டா வயிற்றுப்போக்குக்கான சொட்டு மருந்தில் எந்த நிறுவனத்துடையது என்பதைவிடக் கடிகாரம்தான் பெரியது. சில வகைகள் இரண்டு தவணை, சில மூன்று. இயன்றவரை ஒரே வகையில் முடியுங்கள். அது கிடைக்கவில்லை என்றால் கிடைப்பதில் தொடரலாம், ஆனால் ஏதாவது ஒரு தவணை மூன்று தவணை வகையாக இருந்தால் மொத்தம் மூன்று கொடுக்க வேண்டும். பல நாடுகளில் முதல் தவணையை 15 வாரம் முடிவதற்குள் தொடங்க வேண்டும், எல்லாவற்றையும் 8 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வரம்பு உண்டு. காரணம் குடல் சொருகல், அதாவது குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும் அபூர்வமான சிக்கல். அது இயல்பாகவே அதிகம் வரும் வயதைத் தவிர்க்கத்தான் இந்த வரம்பு. தவணை கொடுத்த முதல் வாரத்தில் குழந்தை காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு விட்டு விட்டு வீறிட்டு அழுதாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் கலந்த சளி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்பே குடல் சொருகல் வந்த குழந்தைக்கு இந்த மருந்து கூடாது.

ஒன்பதாம் மாதமா, பன்னிரண்டாம் மாதமா

தட்டம்மை ஊசியை 9 மாதத்தில் போட்டால் சுமார் 85 சதவீதக் குழந்தைகளுக்குப் பிடிக்கும், அதாவது எதிர்ப்பு உண்டாகும்; 12 மாதத்தில் போட்டால் 95 சதவீதம் வரை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் மிச்சமிருந்து ஊசிக் கிருமியை வேலை செய்ய விடாமல் அடிப்பதுதான் காரணம். அப்படியானால் எல்லோருமே 12 மாதம் வரை காத்திருக்கலாமே? தட்டம்மை புழங்கும் இடத்தில் அந்த மூன்று மாதம்தான் கொடிய காலம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் வரை போகும். பரவல் உள்ள நாடுகள் 9 மாதத்தையும், பரவல் அடங்கிய நாடுகள் 12 மாதத்தையும் தேர்ந்தெடுத்தது இந்தக் கணக்கில்தான். பரவல் இருக்கும் பகுதிக்குப் பயணம் போகும் குழந்தைக்கு 6 மாதத்திலேயே ஒன்று போடலாம். ஆனால் அதை அட்டவணைத் தவணையாக எண்ணக் கூடாது.

இரண்டாம் தவணையைப் பலர் "ஊக்க ஊசிதானே" என்று தள்ளிப்போடுகிறார்கள். முதல் தவணை பிடிக்காமல் போன குழந்தைகளைப் பிடிப்பதற்காகத்தான் அது. யாருக்குப் பிடிக்கவில்லை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

தட்டம்மை, ரூபெல்லாவோடு அம்மைக்கட்டு, சின்னம்மை இரண்டையும் சேர்த்து நான்கு நோய்க்கான ஒரே ஊசி சில இடங்களில் கிடைக்கிறது. இங்கே தேர்வுக்குப் பொருள் உண்டு. 12 முதல் 23 மாத வயதில் முதல் தவணையாக இந்த நான்கு-ஒன்று ஊசியைப் போட்டால், சின்னம்மையைத் தனி ஊசியாகப் போடுவதைவிடக் காய்ச்சல் வலிப்பு சற்றுக் கூடுதல்: சுமார் 2,300 முதல் 2,600 குழந்தைகளுக்கு ஒன்று. குழந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ வலிப்பு வந்த வரலாறு இருந்தால் முதல் தவணையைத் தனித்தனியாகப் போடுங்கள். இரண்டாம் தவணைக்கு, நான்கு வயதை ஒட்டி, சேர்த்தே போடலாம். தட்டம்மை ஊசிக்கான காய்ச்சல் அன்றிரவு வராது. கிருமி உடலில் பெருக நேரம் வேண்டும் என்பதால் 6-லிருந்து 12 நாள் கழித்து வரும், கூடவே லேசான தடிப்பும் வரலாம். இது தெரியாமல் வேறு நோய் என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது.

உயிருள்ள கிருமி ஊசிகள் இரண்டு என்றால் இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டும், இல்லையேல் இரண்டாவதை 4 வாரம் கழித்து. இடையில் போட்டால் முதலாவது கிளப்பிவிட்ட எதிர்ப்பு இரண்டாவதைப் பிடிக்க விடாது. அந்த இரண்டாவது தவணையைத் திரும்பப் போட வேண்டியிருக்கும். 1998-ல் தட்டம்மை கூட்டு ஊசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது. அந்தப் பயத்தால் ஊசியைத் தள்ளிப்போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டைஃபாய்டுக்கு மூன்று வகை உண்டு, இங்கே முடிவு சுலபம். கிருமியின் மேலுள்ள சர்க்கரைப் படலத்தை மட்டும் கொண்ட பழைய ஊசி 2 வயதுக்கு மேல்தான் வேலை செய்யும். மூன்றாண்டுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். அதே படலத்தைப் புரதத்தோடு பிணைத்த புதிய ஊசி 6 மாதத்திலிருந்தே வேலை செய்யும், நீண்ட நாள் நிற்கும். விழுங்கும் மாத்திரை (2024-ல் இதன் தயாரிப்பு நின்றது) 6 வயதுக்கு மேல், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆன்டிபயாட்டிக் சாப்பிடும் நாட்களில் பயனில்லை. கிடைக்கிறதென்றால் பிணைத்த ஊசியே சரி. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கான ஊசியிலும் இதே கதைதான்: 2 வயதுக்குட்பட்ட குழந்தையின் உடலுக்கு வெறும் சர்க்கரைப் படலத்தை அடையாளம் காணத் தெரியாது, புரதத்தோடு பிணைத்தால்தான் பிடிக்கும்.

பதின்ம வயது: எச்பிவி

கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி கிருமிக்கான இந்த ஊசிக்கு வயதுதான் எல்லாம். இது இருக்கும் தொற்றை ஆற்றாது, வரப்போகும் தொற்றைத்தான் தடுக்கும். பாலுறவு தொடங்குவதற்கு முன் போடுவதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை. 9 முதல் 14 வயது வரை உடலின் எதிர்ப்பும் மிகத் திடமாக இருப்பதால், 6 மாத இடைவெளியில் இரண்டு தவணையே போதும். 15 வயதுக்குப் பிறகு தொடங்கினால் பல நாடுகளில் மூன்று தவணை: தொடக்கத்தில், ஒன்றிரண்டு மாதத்தில், ஆறாவது மாதத்தில். பதினைந்தாம் பிறந்தநாளைத் தாண்ட விடுவதால் ஒரு குத்து கூடுகிறது என்பதைவிட, அந்தத் தாமதத்தில் பலன் குறையக்கூடும் என்பதுதான் கவலை.

ஒரு தவணை போதுமா என்ற கேள்வி இப்போது பரவலாகிவிட்டது. இந்தியாவில் 2009-ல் இரண்டு தவணையையும் மூன்று தவணையையும் ஒப்பிடத் தொடங்கிய ஆய்வு 2010-ல் இடையில் நின்றுபோனதால் பல பெண்களுக்கு ஒரே தவணைதான் கிடைத்தது. அவர்களைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில், 16, 18-ஆம் வகைக் கிருமிகள் உடலில் நிலைகொள்வதை அந்த ஒரு தவணையும் கிட்டத்தட்ட அதே அளவு தடுத்தது தெரிந்தது. இதையும் பிற ஆய்வுகளையும் வைத்து உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில், 9 முதல் 20 வயது வரை ஒன்றோ இரண்டோ தவணை, 21-க்கு மேல் இரண்டு தவணை என்று மாற்றியது. எச்ஐவி உள்ளவர்களுக்கும் நோய் எதிர்ப்பு குன்றியவர்களுக்கும் ஒன்று போதாது. குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. உங்கள் நாட்டுத் திட்டத்தில் ஒரே தவணை என்றால், மகளுக்கு அதைப் போடாமல் "இரண்டு கிடைக்கட்டும்" என்று காத்திருப்பதுதான் தவறான முடிவு.

வகைகளைப் பார்த்தால், இரண்டு வகைக் கிருமிக்கான ஊசியும் நான்கு வகைக்கானதும் 16, 18-ஐத் தடுக்கின்றன. கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த இரண்டே காரணம். நான்கு வகை ஊசி கூடுதலாகப் பிறப்புறுப்பு மருக்களையும் தடுக்கும். ஒன்பது வகை ஊசி புற்றுநோய்ப் பாதுகாப்பைச் சுமார் 90 சதவீதம் வரை உயர்த்துகிறது. ஒன்பது வகை எட்டுகிற நிலையில் இருந்தால் அதுவே மேல். எட்டவில்லை என்றால் நான்கு வகையை இன்றே போடுவது, ஒன்பதுக்காக இரண்டு ஆண்டு தள்ளுவதைவிட எவ்வளவோ நல்லது. பையன்களுக்கும் போடலாம், தொண்டை, ஆசனவாய்ப் புற்றுநோய்களுக்கும் இதே கிருமிகள் காரணம். எந்த வகை போட்டாலும் பெண்கள் பிற்காலக் கருப்பை வாய்ப் பரிசோதனையை விடக் கூடாது.

ஊசி போட்டதும் பிள்ளைகள் மயங்கி விழுவது இந்த வயதில் அடிக்கடி நடக்கும். அது ஊசியின் மருந்தால் வருவதில்லை, பதற்றத்தில் ரத்த அழுத்தம் சட்டென இறங்குவதால் வருகிறது. விழுந்து தலையில் அடிபடுவதுதான் ஆபத்து. உட்கார வைத்தோ படுக்க வைத்தோ போட்டு, 15 நிமிடம் எழ விடாதீர்கள்.

கர்ப்ப காலம்

இங்கே ஊசி தாய்க்குப் போனாலும் பயன் பெரும்பாலும் குழந்தைக்கு. டெட்டனஸ்-டிப்தீரியா மட்டும் உள்ள ஊசியா, கக்குவானும் சேர்ந்ததா என்றால் சேர்ந்ததே சரி. பிறந்த குழந்தைக்கு முதல் கக்குவான் தவணை ஆறாவது வாரமோ இரண்டாவது மாதமோதான் வரும். கக்குவான் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் அதற்கு முன்பு. தாய்க்குப் போட்டால் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், அந்த வாரங்களில் சுமார் 90 சதவீதம் வரை காக்கிறது. 27 முதல் 36 வாரம் வரை பொதுவான காலம். சில நாடுகள் 16 வாரத்திலிருந்தே போடுகின்றன. எதிர்ப்பொருள் தாயின் உடலில் விரைவில் குறைந்துவிடுவதால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் போட வேண்டும், சென்ற பிரசவம் ஓராண்டுக்கு முன்பு என்றாலும். தாய் முன்பு டெட்டனஸ் ஊசியே போட்டதில்லை என்றால் 4 வார இடைவெளியில் இரண்டு தவணை. அதில் ஒன்று கக்குவான் சேர்ந்ததாக இருக்கட்டும்.

பச்சிளங்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி கிருமிக்கு 2023-லிருந்து இரண்டு வழிகள் வந்திருக்கின்றன. ஒன்று, தாய்க்கு 32 முதல் 36 வாரத்துக்குள் ஓர் ஊசி. சில நாடுகளில் 28 வாரத்திலிருந்து. மற்றொன்று, பிறந்த குழந்தைக்கே நேரடியாக எதிர்ப்பொருள் ஊசி. நிர்செவிமாப் என்ற எதிர்ப்பொருள் என்றால் 5 கிலோவுக்குக் கீழ் 50 மில்லிகிராம், அதற்கு மேல் 100. தாய்க்குப் போட்டு இரண்டு வாரத்துக்குள் பிரசவமானாலோ, 34 வாரத்துக்கு முன்பே குழந்தை பிறந்தாலோ தாயின் எதிர்ப்பொருள் போதுமான அளவு வந்து சேர்ந்திருக்காது. அப்போது குழந்தைக்கான ஊசிதான் வழி. மற்றபடி ஏதாவது ஒன்று போதும்.

செத்த கிருமி ஃப்ளூ ஊசியை எந்த மாதத்திலும் போடலாம். தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை போன்ற உயிருள்ள ஊசிகள் கர்ப்பத்தில் கூடாது. ரூபெல்லா எதிர்ப்பு இல்லை என்று தெரிந்தால் கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்போ, பிரசவமான கையோடோ போட்டுக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுப்பது இதற்குத் தடையில்லை.

நடுவயதும் முதுமையும்

பெரியவர்கள் மறக்காமல் போட்டுக்கொள்ளும் ஒரே ஊசி டெட்டனஸ்தான், அதுவும் அடிபடும்போதெல்லாம். அடிப்படைத் தவணைகள் முடிந்திருந்தால், சுத்தமான சிறு காயத்துக்குப் பத்தாண்டும், மண்ணோ துருவோ சாணியோ பட்ட ஆழமான காயத்துக்கு ஐந்தாண்டும் ஆகியிருந்தால் மட்டும் தேவை. ஆறு மாதத்துக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே போனால் கூடுதல் பாதுகாப்பு வராது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் நிறைந்திருக்கும்போது மருந்து போனால் கை முழுக்க வீங்கிச் சிவக்கும். தவணையே போடாதவருக்கு அழுக்கான காயம் என்றால் ஊசியோடு டெட்டனஸ் இம்யூனோகுளோபுலினும் வேண்டும்; இந்த இரண்டாவதுதான் அடிக்கடி விடுபடுகிறது.

ஃப்ளூ ஊசி ஆண்டுக்கொன்று. 2 முதல் 49 வயது வரை மூக்கில் தெளிக்கும் வகையும் உண்டு, ஆனால் அது உயிருள்ளது. கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பு குன்றியவர்களுக்கும் கூடாது. 65-க்கு மேல் தேர்வு முக்கியமாகிறது. நான்கு மடங்கு மருந்து உள்ள அதிக அளவு ஊசி, சாதாரண ஊசியோடு ஒப்பிட்ட 2014-ஆம் ஆண்டு ஆய்வில், பரிசோதனையில் உறுதியான ஃப்ளூவை மேலும் 24 சதவீதம் குறைத்தது. அது இல்லையென்றால் சாதாரணமே போதும். ஆனால் பருவம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பாவது.

நிமோனியா ஊசியில் பெரியவர்களுக்கு இரண்டு பாதை. 20 வகையைத் தடுக்கும் பிணைத்த ஊசி ஒன்று போட்டால் வேலை முடிந்தது. 13 அல்லது 15 வகைப் பிணைத்த ஊசி என்றால், ஓராண்டு கழித்து 23 வகைச் சர்க்கரைப் படல ஊசி ஒன்றும் வேண்டும். எதிர்ப்பு குன்றியவர்களுக்கு அந்த இடைவெளி 8 வாரமாகக் குறையும். வரிசை முக்கியம்: பிணைத்தது முதலில். 23 என்ற எண் பெரிதாகத் தெரிவதால் அதை மட்டும் போட்டு நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் அது நினைவாற்றல் உள்ள எதிர்ப்பை உண்டாக்காது, சில ஆண்டுகளில் வலுவிழக்கும். ஏற்கெனவே அதைப் போட்டிருந்தால் ஓராண்டு விட்டுப் பிணைத்ததைப் போடுங்கள். மண்ணீரலை எடுக்கப்போகிறவர் அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே நிமோகாக்கஸ் ஊசியையும், மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ், ஹிப் கிருமிகளுக்கான ஊசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

அக்கிக்கான ஊசியில் ஒப்பீடே தேவையில்லை என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது. பழைய உயிருள்ள ஊசி 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிப் பேரைத்தான் காத்தது, வேகமாகக் கரைந்தது. அமெரிக்காவில் 2020 நவம்பரோடு விற்பனையும் நின்றது. புதிய புரத ஊசி 50-க்கு மேல் 97 சதவீதம், 70-க்கு மேலும் ஏறக்குறைய 90 சதவீதம் காக்கிறது. 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு தவணை. உயிருள்ளது இல்லை என்பதால் புற்றுநோய் சிகிச்சை பெறுபவர்களுக்கும் போடலாம். விலை எதுவென்றால் உடல் வலி: ஆறில் ஒருவருக்கு ஒன்றிரண்டு நாள் வேலை பார்க்க முடியாத அளவு அசதி, காய்ச்சல், கைவலி வரும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டாம் தவணைக்கு வர மாட்டார்கள். மறுநாள் ஓய்வாக இருக்கும் நாளைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டும்: நாளொன்றுக்கு 20 மில்லிகிராமோ கூடுதலோ பிரெட்னிசலோன், இரண்டு வாரமோ அதற்கு மேலோ எடுத்திருந்தால், நிறுத்தி ஒரு மாதம் ஆகும் வரை உயிருள்ள ஊசி கூடாது. எதிர்ப்பை அடக்கும் சிகிச்சை தொடங்கப்போகிறார்கள் என்றால் தேவையான உயிருள்ள ஊசிகளை 4 வாரம் முன்பே முடித்துவிடுவது நல்லது.

குப்பியைப் பாருங்கள்

எந்த நிறுவனத்துடையது என்று கேட்பவர்கள், எப்படி வைத்திருந்தார்கள் என்று கேட்பதில்லை. பெரும்பாலான ஊசிகளுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். வெப்பத்தைவிட உறைவதுதான் ஏமாற்றும்: முத்தடுப்பு, ஹெபடைடிஸ் பி, எச்பிவி, டெட்டனஸ் ஆகியவற்றில் உள்ள அலுமினிய உப்பு ஒருமுறை உறைந்தால் துகளாகப் பிரிந்து மருந்து வீணாகும், வெளியே எடுத்து இளக்கினாலும் திரும்பாது. பல குப்பிகளில் வட்டத்துக்குள் சதுரம் போட்ட ஒரு சிறு குறி ஒட்டியிருக்கும். உள்ளே உள்ள சதுரம் சுற்று வட்டத்தைவிட வெளிர் நிறமாக இருந்தால் மருந்து நல்ல நிலை. அதே நிறத்துக்கோ கருமையாகவோ மாறியிருந்தால் வெப்பத்தில் கெட்டது. தூளில் நீர் கலந்து தயாரிக்கும் தட்டம்மை, பிசிஜி ஊசிகளைக் கலந்த 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். எப்போது திறந்தது என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

அட்டை தொலைந்தவருக்கும் தவணை விட்டவருக்கும்

நாள் தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைத்தே பலர் விட்டுவிடுகிறார்கள். வழக்கமான ஊசிகளில் அப்படி இல்லை. எத்தனை மாதம், எத்தனை ஆண்டு இடைவெளி விழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குறைந்தபட்ச இடைவெளிக்கு முன்பே போடுவதுதான் செல்லாது. சளி, லேசான வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இல்லாத இருமல் எதுவும் தள்ளிப்போடக் காரணமில்லை. குறைமாதக் குழந்தைக்கும் கணக்கு பிறந்த தேதியிலிருந்துதான்.

என்ன போட்டோம் என்றே தெரியாத, கர்ப்பமாக இல்லாத, நல்ல ஆரோக்கியமுள்ள பெரியவர் ஒருவருக்கு முதல் நாளிலேயே கக்குவான் சேர்ந்த டெட்டனஸ் ஊசி, தட்டம்மை-ரூபெல்லா கூட்டு ஊசி, ஹெபடைடிஸ் பி முதல் தவணை, சின்னம்மை வராதவர் என்றால் அதற்கான ஊசி எல்லாமே போடலாம், ஒன்றையொன்று கெடுக்காது. 4 வாரம் கழித்து அவற்றின் இரண்டாம் தவணை. டெட்டனஸ் மூன்றாவது அதிலிருந்து 6 முதல் 12 மாதத்தில். ஹெபடைடிஸ் பி மூன்றாவது ஆறாம் மாதத்தில். அவசரமென்றால் முதல் தவணையிலிருந்து 16 வாரமும் இரண்டாவதிலிருந்து 8 வாரமும் ஆகியிருக்க வேண்டும், அதற்குள் போட்டால் கணக்கில் வராது. மருத்துவமனையில் வேலை பார்ப்பவர் என்றால் கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்: எதிர்ப்பொருள் மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகு இருந்தால் போதும். அதற்குக் கீழ் என்றால் இன்னொரு சுற்று போட்டுத் திரும்பவும் பார்க்க வேண்டும்.